மாமா தந்த கணக்குக் கொப்பி

கோடை விடுமுறை என்றதும் சிறுவர்களுக்கு மாம்பழமும் விளையாட்டும் நினைவுக்கு வரும். பரீட்சையை இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் வைத்திய பீடத்தின் வாசல்வரை சென்று திரும்பிய ஒரு வாலிபனுக்கோ விடுமுறை என்பது ஏறக்குறையத் தண்டனைதான். 2015 ஆம் ஆண்டு மே மாதத்தில் என் நிலை அதுவாக இருந்தது. அப்பொழுது எனக்கு வயது இருபத்தொன்று.

உயர்தரப் பரீட்சையை 2013 இலும் 2014 இலும் எழுதியிருந்தேன். வெட்டுப்புள்ளி என்னும் சிறு எண் இரண்டு தடவையும் என்னைத் தள்ளிவிட்டது. பல்கலைக்கழக அனுமதியைக் கருதி மூன்று முறைதான் அப்பரீட்சையை எழுதலாம். மூன்றாவது வாய்ப்பு ஆகஸ்ட் மாதத்தில் வரவிருந்தது. ஏற்கெனவே கிடைத்த புள்ளிகளுக்கு உயிரியல் விஞ்ஞானம் படிக்க இடம் கிடைக்கும் என்று ஆசிரியர்கள் கூறினார்கள். ஆனால் அதை ஏற்றுப் பெயரைப் பதிந்துவிட்டால் வைத்தியன் ஆகும் எண்ணத்தை அத்துடன் மூட்டைகட்டி வைத்துவிட வேண்டியதே.

என் தந்தையார் கொழும்பில் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் முப்பது ஆண்டுகள் எழுதுவினைஞராக இருந்தவர். அதிகம் பேசமாட்டார். "இன்னும் ஒரு தடவை எழுது" என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் அவரிடம் வாதாட எனக்குத் துணிவில்லை. அம்மாதான், "பிள்ளை கொஞ்ச நாள் காற்று மாறி இருந்து படிக்கட்டும்" என்று, பேசாலையில் இருந்த தம் தம்பியிடம் என்னை அனுப்பி வைத்தார்கள். பெட்டியில் பாதி புத்தகம். மனத்தில் முழுவதும் பாரம்.

யுத்த காலத்தில், 1990 இல், நின்றுபோன தலைமன்னார்ப் புகையிரத சேவை அந்த ஆண்டு மார்ச் மாதத்திலேதான் மீண்டும் தொடங்கியிருந்தது. மடு வீதியும் முருங்கனும் கடந்து, திருக்கேதீச்சரத்துக்கு அப்பால், வண்டி நீரைத் தாண்டித் தீவுக்குள் நுழைந்தது. இருமருங்கும் ஆழமற்ற நீர், உப்பு வெளி, பனை, வெயிலில் அசையாது நிற்கும் கழுதைகள். கடலைக் கண்டதும் என் நெஞ்சு விரிந்தது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். படிப்பதற்காக நான் அங்கே போகவில்லை. படகேறிக் கடலுக்குச் செல்ல வேண்டும், சுழியோட வேண்டும், வீரதீரச் செயல்கள் புரிய வேண்டும் என்றே ஆசைகொண்டு போனேன்.

மாமா ஒரு சம்மாட்டியார். இரண்டு படகுகளும் நண்டு வலைகளும் அவருக்கு உண்டு. அது சோளகக் காற்றின் காலம். அக்காலத்தில் தீவின் தென்கரை கொந்தளித்துக்கொண்டிருக்கும். பேசாலை இருக்கும் வடகரை ஓரளவு அடங்கியிருக்கும். "அடங்கியிருக்கும்" என்பது மாமாவின் சொல். என் வயிறு அதனை ஒப்புக்கொள்ளவில்லை. முதல் நாள் விடியற்காலையில் வலை வாங்கப் புறப்பட்ட படகில் நானும் ஏறினேன். அரை மணி நேரத்திற்குள் தலை சுழன்றது. குடித்த தேநீரைக் கடலுக்குக் கொடுத்தேன். இரண்டாம் நாளும் அவ்விதமே. மூன்றாம் நாள் படகில் இருந்த ஒருவர், "சம்மாட்டியார், மருமகனையும் பார்த்து வலையையும் பார்க்க ஏலாது" என்று பணிவாகவே முறையிட்டார்.

மாமா சிரிக்கவில்லை. ஒரு பழைய கொப்பியையும் பேனாவையும் என் கையிலே தந்தார்.

"மருமகன், கடல் எல்லாரையும் ஒரே மாதிரி ஏற்றுக்கொள்ளாது. நீர் கரையில் இரும். எந்த வலையில் எத்தனை நண்டு என்று எழுதும். எனக்குக் கண் மங்கிப்போச்சு."

வீரனாக வந்தவன் கணக்கப்பிள்ளையாக உட்கார்ந்தேன். அன்று இரவு வெட்கத்தால் நித்திரை வரவில்லை.

நண்டு வலையில் அகப்படுவது நீல நிறக் கால்களையுடைய கடல்நண்டு. மாலையில் வலையை விரித்து விடியலில் வாங்கி, நண்டும் வலையுமாகவே கரைக்குக் கொண்டுவருவார்கள். பின்னர் பெண்களும் ஆண்களும் வட்டமாக அமர்ந்து, கால் முறியாமல், கொடுக்குக் கடிபடாமல், ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். கால் முறிந்த நண்டுக்கு விலை குறைவு. அந்தக் கூட்டத்தில் ஓர் ஆச்சி இருந்தார். அவருடைய விரல்களின் வேகத்தைப் பார்த்துக்கொண்டே நான் எண்ணுவேன். ஒருநாள் வயிற்றின் கீழே மஞ்சள் நிறத் திரளைச் சுமந்த ஒரு நண்டை அவர் எடுத்து என் முன்னே நீட்டினார்.

"இது சினை நண்டு. இதை வேறாக எழுது தம்பி. இது வருகிற வருஷத்துக் காசு."

அந்த ஒரு வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. அன்று முதல் கொப்பியில் புதிய நிரல்கள் கீறினேன். ஆண் நண்டு எத்தனை, பெண் நண்டு எத்தனை, சினை எத்தனை, சினையின் நிறம் என்ன, வலை விரித்த இடம் கரைக்கு அருகிலா தூரத்திலா, காற்று எப்படி என்றெல்லாம் எழுதினேன். சிறு குச்சி ஒன்றில் அளவு கீறி ஓட்டின் அகலத்தையும் அளந்தேன். சினை முதலில் மஞ்சளாக இருந்து, குஞ்சு பொரிக்கும் நாள் நெருங்க நெருங்கக் கறுத்துவரும் என்பதைக் கண்டேன். ஒரு தாய் நண்டு இலட்சக்கணக்கான முட்டைகளைச் சுமக்கிறது என்பதைப் பிற்காலத்தில் படித்தேன்.

மூன்று வாரம் சென்றபின் ஒரு பகற்பொழுதில் ஏடுகளைப் புரட்டினேன். கரைக்கு அண்மையில் விரித்த வலைகளில் சிறு நண்டுகள் மிகுதி. தூரத்தில் விரித்தவற்றில் சினை நண்டுகள் மிகுதி. என் கண்ணையே நம்பாமல் திரும்பவும் கூட்டிப் பார்த்தேன். ஏதோ பெரும் இரகசியத்தைக் கண்டவன்போல் மாமாவிடம் ஓடினேன்.

"அது தெரிந்ததுதானே! சினை வைத்தால் வெளிக்கடலுக்குப் போகும்" என்றார் அவர், வலையிலிருந்து கண்ணெடுக்காமலே.

எனக்கு ஏமாற்றமில்லை. அவர் வாழ்நாள் முழுவதும் கடலில் கற்றதை, கடலில் கால் வைக்க முடியாத நான் ஒரு கொப்பியின் வழியாகக் கண்டுகொண்டேன் அல்லவா? புத்தகப் பெட்டி அதுவரை திறக்கப்படவில்லை. ஆனால் அதிகாலை நாலு மணிக்கு யாரும் எழுப்பாமலே எழுந்துகொண்டிருந்தேன் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

அந்த வாரம் வலை வாங்க வேண்டிய அலுவலாக மாமாவின் மகன் சிலாவத்துறைக்குப் போனான். அவனுடைய மோட்டார் சைக்கிளில் நானும் சென்றேன். பெருநிலத்தை அடைந்து, வங்காலையைத் தாண்டி, அருவியாற்றைக் கடந்தால் அரிப்பு. அங்கே கடலோர மேட்டில், அலை அரித்த விளிம்பில், ஓர் இடிந்த மாளிகை நிற்கிறது. ஆங்கிலேயரின் முதல் தேசாதிபதியான பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பைப் பார்வையிடுவதற்காக 1801 க்கும் 1804 க்கும் இடையில் கட்டுவித்த வீடு அது. செங்கல்லும் சுண்ணாம்பும் சிறிது சிறிதாகக் கடலில் விழுந்துகொண்டிருந்தன. அந்தச் சுவரின் நிழலில் இருந்து, கல்லைக் காலில் கட்டி ஆழத்தில் இறங்கிய சுழியோடிகளை நினைத்துப் பெருமூச்செறிந்தேன். அவர்களல்லவா வீரர்கள், நானோ நண்டு எண்ணுபவன் என்ற எண்ணம் மறுபடியும் குத்தியது.

அந்த முத்துக் கடலின் முழுக் கதையையும் பின்னர் நூலகத்தில் வாசித்தபோது அந்தக் குத்தல் நீங்கியது. 1902 இல் ஹேர்ட்மன் என்ற பேராசிரியரும் ஜேம்ஸ் ஹோர்னெல் என்ற கடலுயிர் ஆய்வாளரும் இக்கடலின் முத்துப் பார்களை ஆராய வந்தார்கள். சிப்பி விளையும் கடலடித் திட்டுக்கே பார் என்று பெயர். மார்ச் மாதத்தில் பெரிய பார் என்னும் திட்டு இளஞ்சிப்பிகளால் நிறைந்து கிடந்தது. ஹேர்ட்மன் ஊர் திரும்ப, ஹோர்னெல் இங்கேயே தங்கினார். நவம்பரில் அவர் மீண்டும் சென்று பார்த்தபோது அந்தச் சிப்பிகள் ஒன்றும் இல்லை! இடையில் வீசிய சோளகக் காற்றின் நீரோட்டம் அவற்றை ஆழத்துக்கு வாரிச் சென்றிருந்தது. சிப்பிக் குஞ்சு ஒட்டிக்கொள்ள எந்த உறுதியான தரையும் போதும். வளர்ந்து முதிர்வதற்கோ எல்லாத் தரையும் ஏற்றதல்ல.

1905 இல் ஏறத்தாழ 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. அந்தச் செழிப்பைக் கண்டு 1906 இல் ஒரு கொம்பனி முத்துப் பார்களை 20 ஆண்டுகளுக்குக் குத்தகை எடுத்தது. 1907 க்குப் பின்னர் குளிப்பதற்குச் சிப்பி இல்லை. பல ஆண்டுகள் முத்துக்குளிப்பே நடைபெறவில்லை. அப்பொழுதும் சுழியோடிகளின் வீரத்துக்குக் குறைவிருக்கவில்லை. கடலடியில் ஓராண்டிலிருந்து மற்றோராண்டுக்கு என்ன நேர்கிறது என்ற அறிவுக்குத்தான் குறைவிருந்தது. அதை அறிய, மார்ச்சில் எண்ணியவர் நவம்பரிலும் வந்து எண்ண வேண்டியிருக்கிறது. அதுவும் ஒரு தொழில்தான் என்பது எனக்கு விளங்கியது.

அதே கரையில் இன்னொரு வாலிபனும் நின்றிருக்கிறான். 1906 இல் மறிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்பை மேற்பார்க்க அனுப்பப்பட்ட உத்தியோகத்தர்களுள் லெனாட் வூல்ப் என்பவருக்கு வயது இருபத்தைந்து. இங்கிலாந்தின் சிவில் சேவைப் பரீட்சையில் அவருக்குக் கிடைத்த இடம், விரும்பிய உத்தியோகத்துக்குப் போதவில்லை. அதனால்தான் இலங்கைக்கு வந்தார். வெட்டுப்புள்ளி அவரையும் விட்டபாடில்லை! வேலையைத் திறமையாகச் செய்து உயர்ந்தார். ஆயினும் ஏழாண்டு அனுபவத்தின்பின், ஆளும் தொழில் தமக்குரியதன்று எனத் தெளிந்து 1912 இல் பதவியைத் துறந்து, எழுத்தாளராகவும் பதிப்பாளராகவும் வாழ்ந்தார். பரீட்சை ஒருவனை ஓரிடத்தில் கொண்டுபோய் விடலாம். அங்கே வேரூன்ற முடியுமா என்பதை அவனே பார்க்க வேண்டும்.

இவையெல்லாம் பிற்காலத்துச் சிந்தனைகள். அன்று அரிப்பிலிருந்து திரும்பியதும் நான் செய்தது ஒன்றே. தந்தையாருக்குத் தொலைபேசியில் அழைத்து, மூன்றாம் முறை எழுதப் போவதில்லை, கிடைக்கும் இடத்தை ஏற்று மீன்பிடியியல் படிக்கப் போகிறேன் என்றேன். மறுமுனையில் நெடுநேரம் மௌனம். "சனிக்கிழமை வருகிறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

வந்தார். மாமா, "அத்தான், முதலில் சாப்பிடுங்கள்" என்று எவ்வளவோ உபசரித்தும் அவர் கடற்கரைக்கே நேரே வந்தார். என்னைக் கடிந்துகொள்ளவில்லை. தாழ்ந்த குரலில் சொன்னார்:

"நான் முப்பது வருஷம் கொப்பியில் கணக்கு எழுதினேன். நீயாவது அதிலிருந்து தப்பட்டும் என்றுதான் படிப்பித்தேன். நீ இங்கே வந்து நண்டுக்குக் கணக்கு எழுதப் போகிறாயா?"

என் தந்தையார் தம் தொழிலை இப்படி எண்ணிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அதுவரை தெரியாது. வைத்தியத் தொழிலின் மேன்மை மட்டுமன்று, தம் வாழ்வின் சலிப்பும் சேர்ந்தே அந்த "இன்னும் ஒரு தடவை"யில் இருந்திருக்கிறது. மறுமொழி சொல்ல நா எழவில்லை. கொப்பியை அவர் கையிலே கொடுத்தேன்.

கவிழ்த்து வைத்திருந்த ஒரு படகின்மேல் அமர்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, முதல் ஏட்டிலிருந்து வாசிக்கத் தொடங்கினார். வெயில் ஏறியது. ஆச்சி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தின் பின்னர் சட்டைப் பையிலிருந்து தம் சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"பதினேழாம் திகதி. கூட்டலில் பிழை இருக்கிறது."

திருத்தினார். பிறகு, "தூரத்து வலைகளில் ஏன் சினை கூட?" என்று கேட்டார். நான் விளக்கினேன். இன்னொரு கேள்வி கேட்டார். அதற்கும் விடை சொன்னேன். மூன்றாவது கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. "படித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், அப்பா" என்றேன்.

அவர் கொப்பியை மூடி என்னிடம் தந்தார். "அப்போ படி" என்றார்.

ஆண்டுகள் பல சென்றுவிட்டன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மீன்பிடியியலை ஒரு பாடமாகக் கற்றேன். சினை நண்டு ஆழத்துக்கும் உப்புச்செறிவு மிகுந்த நீருக்கும் செல்லும் என்று பாடநூலில் படித்த நாளில் மாமாவின் முகமே என் கண்முன் நின்றது. இன்று என் வேலை, கரை கரையாகச் சென்று, வலையில் வருவனவற்றை எண்ணுவதும் அளப்பதும் எழுதுவதுமே. தந்தையார் கேட்ட அந்த மூன்றாவது கேள்வி, ஒரு கரையில் சினை நண்டு குறைந்தால் எத்தனை ஆண்டில் அந்தக் கரை வெறுமையாகும் என்பது. அதற்கு முழு விடை இன்னும் என்னிடம் இல்லை. அதைத் தேடுவதற்கே ஒவ்வொரு நாளும் எழுகிறேன். படகில் ஏறினால் இப்பொழுதும் தலை சுழல்கிறது.

பரீட்சை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நிற்கும் தம்பி தங்கையருக்கு ஒன்று சொல்வேன். ஒரு தொழிலின் வீரமும் புகழும் எல்லோருக்கும் பிடிக்கும். அதன் சலிப்பான பகுதி எது என்று கேட்டுப் பாருங்கள். அந்தச் சலிப்பான வேலைக்காக நீங்கள் யாரும் எழுப்பாமலே விடியற்காலையில் எழுவீர்களாயின், அது உங்கள் தொழிலாக இருக்கக்கூடும்.

அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. பதினேழாம் திகதிக்கு எதிரே சிவப்பு மை சற்று மங்கிவிட்டது. கூட்டல் சரியாகவே இருக்கிறது.