இழுப்பு எங்கிருந்து வருகிறது?

தேவிகுளம் வட்டாரத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயத்து வீடுகளுள் ஒன்று எங்கள் வீடு. விடுதியில் என் அறைத் தோழர் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைக்காரர். எங்கள் ஊரில் குளிரும் மூடுபனியும். அவர் ஊரில் வெயிலும் கணவாய்க் காற்றும். இரண்டும் கேரளத்து ஊர்கள். இரு வீட்டிலும் பேச்சு தமிழ். இன்னோர் ஒற்றுமையும் உண்டு. என் தங்கைக்கும் ஆஸ்துமா. அவர் தம்பிக்கும் ஆஸ்துமா.

"பனி பட்டது, இழுக்கிறது" என்பார் என் அப்பத்தா. "காற்று ஒத்துக்கொள்ளவில்லை" என்பார் அவர் பாட்டி. குளிர்தான் காரணம் என்றால் வெயில் ஊரில் இழுப்பு ஏன்? கணவாய்க் காற்றுதான் காரணம் என்றால் எங்கள் லயத்தில் ஏன்?

ஓர் இரவு இருவரும் எண்ணிப் பார்த்தோம். இரு பிள்ளைகளுக்கும் கடுமையாக வந்த நாட்களுள் பல ஜூன் மாதத்தவை. மழை தொடங்குவதும் ஜூனில். பள்ளி திறப்பதும் ஜூனில். ஒரு பிள்ளையின் தும்மல் வகுப்பைச் சுற்றிவர எத்தனை நாள் வேண்டும்? முதலில் மூக்கொழுகல், இரண்டொரு நாளில் இழுப்பு. இதுவே வழக்கம்.

எங்கள் கணக்கு இரண்டே பிள்ளைகளைக் கொண்டது. அறிஞர் கணக்கு பெரிது. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 9 முதல் 11 வயதுள்ள 108 பிள்ளைகளை 13 மாதம் கவனித்து, 1995இல் முடிவை வெளியிட்டனர். இளைப்பு மிகுந்த வேளைகளில் நூற்றுக்கு 80 அளவில் வைரஸ் தென்பட்டது. அவற்றுள் மிகுதி, சாதாரணச் சளியைத் தரும் ரைனோ வைரஸ்!

பனியும் புகையும் தூசியும் குற்றமற்றவை அல்ல. ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழல் முன்பே வீங்கிச் சிவந்திருக்கும். அங்கே வைரஸ் நுழைந்தால் வீக்கம் வளர்கிறது, சளி அடைக்கிறது, குழலைச் சுற்றிய தசை இறுகுகிறது. வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் சிலர் உடலில் குறைவாகச் சுரப்பதும் ஒரு காரணம் என்பர்.

இதை அறிந்து பயன் என்ன? உண்டு, நண்பர்களே! சளிக்கு ஆன்டிபயாடிக் வாங்கித் தருகிறோம். அது வைரஸைக் கொல்லாது. வீக்கத்தைத் தணிப்பது, மருத்துவர் சொற்படி நாள்தோறும் உறிஞ்சும் இன்ஹேலர் மருந்து. என் தங்கையோ அதைப் பைக்குள் ஒளிக்கிறாள். "பார்த்தவர்கள் நாளைக்குப் பெண் கேட்டு வருவார்களா?" என்று அக்கம்பக்கத்தார் அவளிடம் சொல்லியிருக்கிறார்கள்! மலையில் நள்ளிரவில் மூச்சு முட்டினால், ஜீப் கிடைத்து, வளைவுகள் கடந்து மருத்துவமனை சேர வேண்டும். அந்த நேரத்தில் ஒளித்த மருந்து உயிரைக் காக்குமா?

2020இல் முகக்கவசம் அணிந்து விலகி நின்றபோது, பல நாடுகளில் ஆஸ்துமாவுக்காக மருத்துவமனை சேர்ந்தோர் குறைந்தனர். ஆகவே தும்முவோர் வாயை மூடுக, கையைக் கழுவுக. மூச்சுக்கு மருந்து எடுப்பவரைக் கண்டு நகைப்பதை விடுக. கண்ணாடி அணிவது இழிவன்று, இன்ஹேலரும் அப்படியே. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது இந்தச் செய்தியையும் எடுத்துச் செல்வோம்!