பர்கரை மறித்த கொழுக்கட்டை

வாழையிலையை விரித்து, அரைத்த மக்காச்சோள மாவைத் தடவி, நடுவில் கோழிக்கறியும் மிளகாய்க் குழம்பும் வைத்து மடித்து, ஆவியில் வேகவைத்தால் தமாலே ரெடி. பார்த்தால் நம்மூர் இலைக் கொழுக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம் போலிருக்கும். மெக்சிகோவின் வஹாகா நகரில் இந்தத் தமாலே ஒருமுறை போராட்டக் களத்துக்கே போயிருக்கிறது!

வஹாகாவின் நடுவே இருக்கிறது சோகலோ சதுக்கம். மரநிழல், சுற்றிலும் வளைவு வளைவாகத் தாழ்வாரங்கள், மாலையானால் குடும்பம் குடும்பமாக வந்து உட்காரும் ஜனங்கள். ஊருக்கே திண்ணை அதுதான். 1987 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பர்யப் பட்டியலில் இருக்கும் பழைய நகரத்தின் மையம். 2002-ல் அங்கே கடை திறக்கத் திட்டமிட்டது மெக்டொனால்ட்ஸ்.

எதிர்த்துக் கிளம்பியவர் பிரான்சிஸ்கோ டொலேடோ. உலகமறிந்த ஓவியர். கல்லெறியவில்லை, கண்ணாடியை உடைக்கவில்லை. சதுக்கத்துக்கு வந்தவர்களுக்குத் தமாலே கொடுத்தார். கூடவே அத்தோலே என்கிற சூடான மக்காச்சோளக் கஞ்சி. ஆயிரக்கணக்கானோர் எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். அந்த டிசம்பரிலேயே நகராட்சி அனுமதி மறுத்துவிட்டது.

அப்படியானால் வஹாகாவுக்குத் துரித உணவு பிடிக்காதா? தமாலேயும் துரித உணவுதானே! வாங்கினோமா, இலையைப் பிரித்தோமா, நின்றபடியே சாப்பிட்டோமா என்று வேலை முடிந்துவிடும். 16-ம் நூற்றாண்டு ஸ்பானியப் பாதிரியார்களின் குறிப்புகளிலேயே தமாலே விற்பவர்கள் வருகிறார்கள்.

ஆனால், அந்த வேகம் சாப்பிடுபவருக்கு மட்டும்தான். செய்பவருக்கு முதல் நாளே வேலை தொடங்கிவிடும். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, கழுவி அரைக்க வேண்டும். சுண்ணாம்பு பட்டால்தான் தோல் இளகும். தானியத்தில் இருக்கும் நியாசின் சத்து உடம்பில் சேரும். மக்காச்சோளத்தைக் கொண்டுபோன ஐரோப்பியர்கள் இந்தப் பக்குவத்தை விட்டுவிட்டார்கள். அதையே மூன்று வேளையும் சாப்பிட்ட ஏழைகள் பெலாக்ரா நோயில் விழுந்தார்கள்.

சதுக்கத்துக்குப் பக்கத்திலேயே '20 நவம்பர்' சந்தை. அங்கே 'புகைச் சந்து' என்றே ஒரு வரிசை உண்டு. பிடித்த இறைச்சியைக் காட்டினால் கரியடுப்பில் சுட்டுத் தருவார்கள். வெங்காயமும் மிளகாயும் ஒருவரிடம், டோர்ட்டியா ரொட்டி இன்னொருவரிடம். ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு மூன்று நான்கு கைகளுக்குப் பிரிந்து போகிறது. அன்று ஊர் பயந்தது இந்தக் கைகளுக்காகவும்தான்.

மெக்சிகோவுக்கு 1985-லேயே வந்துவிட்ட மெக்டொனால்ட்ஸ் இன்றும் அந்த நாட்டில் இருக்கிறது. டொலேடோ 2019-ல் மறைந்துவிட்டார். விருந்தாளியை யாரும் நாட்டைவிட்டு விரட்டவில்லை. திண்ணையை யாருக்கு விடுவது என்பதை மட்டும் ஊர்க்காரர்களே முடிவு செய்தார்கள்.