மட்டாஞ்சேரியின் பிடியரிசி

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் காலையில் நடந்தால் முதலில் மிளகு வாசம் வரும். நாலு கடை தள்ளிச் சுக்கு, அதற்கும் அப்பால் கொப்பரை. காயலை ஒட்டி நின்ற பண்டகசாலைகளின் பின்பக்கக் கதவுகள் நேராகத் தண்ணீருக்குத் திறக்கும். வள்ளத்தில் வந்த மூட்டையை அங்கேயே தோள் மாற்றி உள்ளே கொண்டுபோவார்கள். அறுபதுகளின் கடைசியில் என் அப்பா அங்கே ஒரு குஜராத்தி சேட்டின் மலைச்சரக்கு மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர். அம்மா சீசன் நாட்களில் முற்றத்தில் உட்கார்ந்து சுக்கு புடைத்துத் தரம் பிரிப்பாள். கூலி அன்றன்றைக்கு.

உலகத்துக்கே மிளகும் ஏலமும் அனுப்பிய தெரு அது. அந்தத் தெருப் பிள்ளைகளுக்குக் காலையில் கட்டஞ்சாயாதான் ஆகாரம்.

காரணத்தைத் தெருவிலேயே பார்க்கலாம். துறைமுகத்தில் வேலை நிரந்தரம் கிடையாது. எனக்கு முந்திய தலைமுறையில் 'சாப்பா' என்று ஒரு கொடுமை இருந்தது. கப்பல் வந்ததும் மூப்பன் உலோக வில்லைகளைக் கூட்டத்துக்குள் வீசி எறிவான். அடித்துப் பிடித்து எவன் கையில் வில்லை சிக்குகிறதோ அவனுக்கு அன்றைக்கு வேலை. சிக்காதவன் வீட்டில் உலை இல்லை. இதை எதிர்த்துப் போராடிய தொழிலாளர்கள் மேல் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. சைது, சைதலவி, அந்தோணி என்று மூன்று பேர் செத்தார்கள். அந்தப் பெயர்களைப் பெரியவர்கள் சேர்த்தேதான் சொல்வார்கள். சாப்பா ஒழிந்த பிறகும் அன்றாடக் கூலியின் நிச்சயமின்மை ஒழியவில்லை. மழை அடைத்துப் பிடிக்கும் கர்க்கடக மாதத்தில் வள்ளமும் ஓடாது, சுக்கும் காயாது, கடலுக்கும் போக முடியாது. அந்த மாதத்தில் எங்கள் வகுப்பில் பிள்ளைகள் குறையமாட்டார்கள், கூடுவார்கள். பள்ளிக்கூடத்தில் மத்தியானம் சாப்பாடு உண்டு.

கன்னியாஸ்திரீகள் நடத்திய ஆரம்பப் பள்ளி அது. ஓடு வேய்ந்த நீளக் கட்டிடம், பின்னால் கிணறு, கிணற்றை ஒட்டிச் சமையல் கொட்டகை. சமைத்தவள் ஒரு விதவை. எல்லாருக்கும் அம்மச்சி. பதினொன்றரைக்கு வாணலியில் கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டதும் பெருக்கல் வாய்ப்பாடு எங்கள் வாயில் தடுமாறும். மஞ்சளாக, கொஞ்சம் குழைந்த சோளமாவு உப்புமா. அதில் ஒரு புது எண்ணெய் வாசம், எங்கள் யார் வீட்டிலும் இல்லாத வாசம். தட்டு கொண்டுவந்தவனுக்குத் தட்டில், இல்லாதவனுக்கு வட்டயிலையில். இலையில் சூடு பட்டதும் எழும் மணத்துக்காகவே நான் சில நாள் தட்டைப் பைக்குள் ஒளித்துவிடுவேன். கொங்கணிப் பையன், சுள்ளிக்கல்லிலிருந்து வரும் முஸ்லிம் பிள்ளைகள், வெளி என்ற இடத்தில் துணி வெளுத்த வண்ணார் வீட்டுத் தமிழ்ப் பிள்ளைகள், மீன்பிடிக்காரர்களின் பிள்ளைகள் எல்லாரும் ஒரே திண்ணையில் ஒரே வரிசை.

அங்கே ஒரு சிஸ்டரை நான் மறக்கவே முடியாது. காலையில் வருகைப்பதிவு எடுக்கும்போதே முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். "மோனே, அடுக்களையில் பலகை துடைக்கிற துணி இருக்கும், எடுத்துக்கொண்டு வா" என்று அனுப்புவார். அடுக்களையில் துணியும் இருக்கும், பக்கத்தில் மூடிவைத்த கிண்ணத்தில் முந்தின இரவுக் கஞ்சியும் இருக்கும். குடித்துவிட்டு வாயைத் துடைத்துத் துணியோடு திரும்ப வேண்டும். துணி எடுக்கப் போகிறவன் பசித்தவன் என்று வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது. நானும் அந்தத் துணியை எடுக்கப் போயிருக்கிறேன்.

மத்தியான உப்புமாவுக்கான மாவு அமெரிக்காவிலிருந்து வந்தது. 1954-இல் அந்த நாடு போட்ட பி.எல்.480 சட்டத்தின் வழியாக உபரி தானியம் இந்தியாவுக்கு வந்தது. அறுபதுகளில் கேர் என்ற நிறுவனம் கேரளத்துப் பள்ளிகளுக்கு மாவும் எண்ணெயும் பால்பொடியும் கொடுத்தது. சர்ச்சுகளுக்குக் கத்தோலிக்க நிவாரண அமைப்பு வழியாகவும் வந்தது. தகர டப்பாவில் இரண்டு கைகள் குலுக்கும் படம் இருக்கும். காலி டப்பா கிடைக்காதா என்று தாய்மார்கள் கேட்டு நிற்பார்கள், அரிசி போட்டுவைக்க. ஏழை வீட்டுப் பிள்ளைகளைக் கஞ்சித்தொட்டி கட்டி அமெரிக்காக்காரன் வளர்த்தான் என்று பின்னாளில் கேலி பேசியவர்கள் உண்டு. பாதிக் கதை தெரிந்தவர்களின் பேச்சு அது. மாவு வராத வாரங்களில் எங்களுக்குச் சோறு போட்டது மட்டாஞ்சேரிதான்.

அதற்குப் பெயர் பிடியரி. உலையில் போட அரிசி அளக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவிட வேண்டும். வார முடிவில் சர்ச்சிலிருந்து பையோடு வருவார்கள். முருகனைக் கும்பிடும் என் அம்மாவும் போட்டாள். "நம்ம பிள்ளையும்தான அங்க திங்கிறான்" என்பாள். பக்கத்து வீட்டு உம்மா எங்கள் கலயத்திலேயே தன் பிடியைப் போடுவார். எட்டணா கூலிக்கு மல்லுக்கு நின்ற வீடுகளிலிருந்து வந்த அரிசி அது. புழுங்கல், பச்சை, சிவப்பு மட்டை எல்லாம் கலந்து கிடக்கும். ஒன்றாக வேகாது. அம்மச்சி திட்டிக்கொண்டே வடிப்பாள். அந்தக் கஞ்சியும் பயறும் சோளமாவைவிட எனக்கு உசத்தி.

இந்த வழக்கத்தின் வேர் ஒரு நூற்றாண்டுக்கு முந்தியது. குட்டநாட்டுக் கைனகரியில் 1805-இல் பிறந்த குரியாக்கோஸ் ஏலியாஸ் சாவறா என்ற பாதிரியார் மான்னானத்தில் சமஸ்கிருதப் பள்ளி வைத்தவர். தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் பாடசாலைப் பக்கம் வரவே முடியாத காலத்தில் மான்னானத்திலும் ஆர்ப்பூக்கரையிலும் அவர்களுக்கு இடம் கொடுத்து மத்தியானக் கஞ்சியும் போட்டார். அந்தக் கஞ்சிக்குத்தான் பிடியரி. 1864-இல் ஒவ்வொரு சர்ச்சோடும் ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று உத்தரவே போட்டார். 1856-லேயே வராப்புழை பேராயர் பெர்னார்தீனோ பச்சினெல்லி அதைச் சொல்லிவிட்டார் என்று லத்தீன் சபைக்காரர்கள் வாதிடுவார்கள். பெருமை யாருக்கு என்பது அவர்கள் பாடு. சாவறா 1871-இல் கொச்சிக்கு வடக்கே கூனம்மாவில் காலமானார், 2014-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அதே கூனம்மாவில் 1866-இல் துறவுச் சபை தொடங்கிப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியும் விடுதியும் கண்டவர் மதர் ஏலீஸ்வா. வைப்பீன் தீவில் பிறந்து, கணவரை இழந்து, ஒரு மகளோடு நின்ற பெண். 2025 நவம்பரில் வல்லார்பாடத்தில் அவருக்கு அருளாளர் பட்டம் கொடுத்தார்கள். மட்டாஞ்சேரிக்கோ இன்னும் பழைய கணக்கு உண்டு: கொச்சி ராஜ்யத்தின் முதல் ஆங்கிலப் பள்ளியை 1818-இல் டாசன் என்ற மிஷனரி திறந்தது இங்கேதான்.

மதம் மாற்றினார்களா என்று தமிழ்நாட்டு நண்பர்கள் கேட்பார்கள். எல்லா ஊர்களுக்கும் நான் சாட்சி சொல்ல முடியாது. என் பள்ளிக்குச் சொல்வேன். கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு வேதபாடம், எங்களுக்கு அதே நேரத்தில் நன்னெறி வகுப்பு. சோற்று வரிசையில் நிற்க ஒருவரையும் எதுவும் கேட்டதில்லை. எங்கள் சந்தில் ஒரு பெண்ணை மூன்றாம் வகுப்போடு நிறுத்திச் சுக்கு முற்றத்துக்கு அனுப்பிவிட்டார்கள். சிஸ்டர் தினமும் சாயங்காலம் அந்த வீட்டு வாசலில் போய் நின்றார். உபதேசம் செய்யவில்லை. அவள் கொண்டுவரும் கூலிக்கு ஈடாகப் பிடியரியிலிருந்து அந்த வீட்டுக்கு அரிசி போயிற்று. அவள் பத்தாவது வரை படித்து அங்கன்வாடி டீச்சரானாள். முஸ்லிமாகவே இருந்தாள், தன் அங்கன்வாடியில் ஒரு குழந்தையையும் பசியோடு உட்காரவிட்டதில்லை.

1984-இல் கேரள அரசு மீனவக் கடலோரப் பள்ளிகளில் மதிய உணவைத் தன் செலவில் தொடங்கிப் பிறகு எங்கும் விரித்தது. சோளமாவு போயிற்று. பண்டகசாலைகளில் இப்போது காப்பிக்கடைகளும், 2012 முதல் நடக்கும் பியனாலேயின் ஓவியங்களும். என்னோடு படித்தவர்களின் பேரப்பிள்ளைகள் பணம் கட்டும் பள்ளிகளுக்குப் போகிறார்கள். பழைய பெஞ்சுகளில் ஒடிசா, வங்காளம், அசாமிலிருந்து வந்த கூலிக்காரர்களின் பிள்ளைகள். அவர்களுக்காக எர்ணாகுளம் மாவட்ட நிர்வாகம் 2017-இல் தொடங்கிய ரோஷ்ணி திட்டத்தில் பள்ளிக்கு முந்திய வகுப்போடு காலை உணவும் கொடுத்தார்கள். சிஸ்டரின் கிண்ணம் எதற்கு என்று அதிகாரிகளுக்கும் புரிந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2022-இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2025 ஆகஸ்டில்தான் நகரங்களின் உதவிபெறும் பள்ளிகளுக்கு வந்தது.

ஆனால் காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் பசிக்கும். உங்கள் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய உதவிபெறும் பள்ளி இருந்தால், யார் நடத்தினாலும் சரி, தலைமையாசிரியையிடம் போய் எத்தனை பிள்ளைகள் சாப்பிடாமல் வருகிறார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்கிற அரிசியையோ பயறையோ வாங்கிக் கொடுங்கள். பிள்ளையை நிற்கவைத்துப் போட்டோ மட்டும் எடுக்காதீர்கள்.