ஆத்தி மாலையும் வண்ணக் கயிறும்

போரைப் புகழ்ந்து பாடிய சங்கப் புலவர் பலர். போரை நிறுத்தப் பாடியவர் சிலரே. அச்சிலருள் முதன்மையானவர் கோவூர் கிழார். உறையூர்க் கோட்டைக்குள் நெடுங்கிள்ளி அடைபட்டிருக்க, வெளியே நலங்கிள்ளி முற்றுகையிட்டிருந்த வேளையில் அவர் பாடியது புறநானூற்றின் 45ஆம் பாடல். யார் பக்கம் நியாயம் என்று அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. இருவரும் சூடியிருந்த மாலையைச் சுட்டிக்காட்டினார். சேரனின் பனையுமில்லை, பாண்டியனின் வேம்புமில்லை. இரண்டும் சோழரின் ஆத்தி. ஆகவே எவன் தோற்றாலும் இழப்பு ஒரே குடிக்குத்தான் என்பது அவர் வாதம். களத்தில் ஆளைப் பிரித்தறிய உதவும் அடையாளத்தையே பகை தணிக்கும் சான்றாக்கினார்.

பனங்கருப்பட்டிக்குப் பேர்போன உடன்குடியில் பிறந்த எனக்குப் பனை பிழைப்பு தரும் மரம். அதுவே ஒரு காலத்தில் போர் அடையாளமாக இருந்தது என்பது இன்றும் வியப்பளிக்கிறது. அத்தகைய பூக்களின் இடத்தில் இன்று எங்கள் பகுதி மாணவர்களின் மணிக்கட்டில் வண்ணக் கயிறுகள் இருக்கின்றன. எந்த நிறம் எந்தச் சாதிக்குரியது என்பது இங்கே சிறுவர்களுக்கும் தெரியும்.

அடையாளத்தை அகற்றுவது அரசு அறிந்த வழி. 1997இல் விருதுநகர் வட்டாரப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் சூட்டப்பட்டதையொட்டித் தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டது. அவ்வாண்டே போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. சிதம்பரனார் மாவட்டத்திலிருந்த எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்து ஊராயிற்று. பேருந்தின் மேலிருந்த எழுத்து அழிந்தது, மனத்திலிருந்தது அழியவில்லை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும், அவனோடு படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினர். அதன்பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. வண்ணக் கயிறுகளைத் தடைசெய்ய வேண்டும், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்க வேண்டும் என்னும் பரிந்துரைகளோடு, மாணவர்களை அகர வரிசைப்படி அமர்த்த வேண்டும் என்பதும் அதிலிருந்தது. தமிழாசிரியன் என்ற முறையில் என்னைப் பெரிதும் கவர்ந்தது இந்தக் கடைசிப் பரிந்துரைதான். காவலரும் வேண்டாம், செலவும் இல்லை. பெயரின் முதலெழுத்து இருவரை ஒரே பெஞ்சில் அமர்த்திவிடுகிறது. நெடுங்கணக்குக்குச் சாதி தெரியாது.

எனினும், பக்கத்தில் அமர்வது வேறு, நெருங்குவது வேறு. 45ஆம் பாடலை நடத்திய ஒரு நாளில் பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து கேட்டான்: "ஐயா, அவங்க ரெண்டு பேரும் சோழர். ஒரே குடிங்கிறதால சமாதானம் பேசலாம். வேற வேற குடியா இருந்தா அவர் என்ன சொல்லியிருப்பார்?"

அவன் கேட்டது இலக்கியக் கேள்வி மட்டுமன்று. 'நாமெல்லாம் ஒன்று' என்னும் சொல், ஒன்றாக நடத்தப்படாதவன் காதில் எப்படி விழும்?

விடை அடுத்த பாடலிலேயே இருக்கிறது. சோழன் கிள்ளிவளவன், பகைவனான மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இட முனைகிறான். ஆத்தி மாலை இங்கே உதவாது; அவர்கள் வேற்றுக் குடியினர். அவர்கள் வறியோர்க்குப் பகுத்தளித்தவர் வழிவந்தோர் என்று நினைவூட்டிய பின், கோவூர் கிழார் அந்தச் சிறுவர்களின் முகத்தைக் காட்டுகிறார். யானையைக் கண்ட வியப்பில் அவர்கள் அழுகையை மறந்துவிட்டார்கள். இப்போது அறிமுகமற்ற கூட்டத்தைப் பார்த்து மிரள்கிறார்கள். இதைச் சொல்லிவிட்டு முடிவை மன்னனிடமே விடுகிறார்.

45ஆம் பாடலின் கொளு, போர் நின்றதாகக் கூறவில்லை. 46ஆம் பாடலின் கொளுவோ பிள்ளைகள் காக்கப்பட்டதைப் பதிவுசெய்கிறது. ஒரே குடி என்ற வாதத்தைவிட, எதிரே நிற்பவன் அஞ்சும் குழந்தை என்ற காட்சி வலிமையுடையது என்று நான் கருதுவது இதனால்தான்.

நாங்குநேரியில் வெட்டியவர்களும் சிறுவர், வெட்டுப்பட்டவர்களும் சிறுவர். கயிற்றை அவிழ்க்க ஓர் ஆணை போதும். அந்த அச்சத்தை அடுத்தவன் கண்ணில் காட்டும் வேலைக்கு ஆணை போதாது. அது வகுப்பறையில் நிற்கும் எங்களுடையது. புலவர் தொழிலின் அந்தப் பகுதி ஆசிரியருக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது.