மேடையிலிருந்து இறங்குவது

மேடை ஏறப் பலருக்குப் பயம். எனக்கோ இறங்கத்தான் தெரியாமல் இருந்தது.

நண்பர் ஒருவருடைய இரங்கற் கூட்டத்தில் முக்கால் மணி நேரம் பேசினேன். நிலையாமை பற்றிச் சித்தர்கள், நஞ்சுண்ட சாக்ரடீஸ் என்று ஒருவரையும் விடவில்லை. சபையில் பலர் தலையாட்டினார்கள். கூட்டம் கலைந்ததும் நண்பரின் தாயார் அருகே வந்தார். "நல்லாப் பேசினே, தம்பி. எம் புள்ளையைப் பத்தி எப்போ சொல்லுவேன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்" என்றார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் மாண்ட வீரர்களுக்காக, கெட்டிஸ்பர்க் மயானத்தில் 1863 நவம்பர் 19 அன்று நடந்த கூட்டம் நினைவுக்கு வந்தது. சொல்வன்மையில் புகழ்பெற்ற எவரெட் இரண்டு மணி நேரம் முழங்கினார். பின்பு எழுந்த லிங்கன், அவர்கள் எதற்காக மாண்டார்கள், எஞ்சியவர்கள் செய்யவேண்டியது என்ன என்பதை மூன்று நிமிஷத்துக்குள் சொல்லி முடித்தார். அவர் இரண்டு நிமிஷத்தில் தொட்ட கருத்தைத் தாம் இரண்டு மணியில் நெருங்கியிருந்தாலே மகிழ்ச்சி என்று மறுநாள் எவரெட்டே அவருக்குக் கடிதம் எழுதினார்.

அந்தப் பெருந்தன்மைகூட எனக்கு வரவில்லை. தலைகுனிந்து நின்றேன், அவ்வளவுதான். இப்போதெல்லாம் எந்த மேடையானாலும், அந்த அம்மாள் முன்வரிசையில் காத்திருப்பதாக எண்ணிக்கொண்டே வாயைத் திறக்கிறேன். சீக்கிரம் இறங்கியும் விடுகிறேன்.