சினையும் முதலும்

இலக்கணம் பயில்வோர் முதல், சினை என்னும் பாகுபாட்டை நன்கு அறிவர். மரம் முதல், கிளை சினை. உடல் முதல், கை சினை. இப்பகுதியை வகுப்பில் நடத்தும்பொழுது யாம் மரத்தோடும் உடலோடும் நின்றுவிடுவதில்லை. கரும்பலகையில் ஒரு மிதிவண்டியை வரைந்து, அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்து, "எதனை அழித்தபொழுது இது மிதிவண்டி என்னும் பெயரை இழந்தது?" என்று வினவுவோம். மாணவியர் நகைப்பர், பின் சிந்திப்பர். இவ்வினா எமக்கு ஏட்டிலிருந்து கிடைத்ததன்று. எம் இல்லத்திலிருந்து கிடைத்தது. அதனை இம்மலரில் பதிவு செய்வது எம் கடன் எனக் கருதுகின்றோம்.

எம் ஊர் செஞ்சியை அடுத்த தொண்டூர். பாறைகளும் ஏரியும் நெல்வயல்களும் சூழ்ந்த சிற்றூர். அங்குள்ள பாறைக் குகையில் சமணத் துறவியர்க்கென வெட்டப்பட்ட படுக்கைகள் உள்ளன. அருகே தமிழ்ப் பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டும் உண்டு. அது ஏறத்தாழ கி.பி. மூன்றாம் நூற்றாண்டைச் சார்ந்தது என்பர் கல்வெட்டறிஞர். இளங்காயிபன் என்பான் ஏவ, மோசி என்பான் செய்தான் என்னும் செய்தி அதில் காணப்படுகிறது. ஏவியவன் பெயரோடு செய்தவன் பெயரும் கல்லில் நின்றுவிட்ட அருமையை எண்ணி எண்ணி வியந்ததுண்டு. அவ்வூரின் கடைத்தெருவில் எம் அத்தா தையற்கடை வைத்திருந்தார்.

அத்தா எடுத்த அளவு

1994 ஆம் ஆண்டு. யாம் எட்டாம் வகுப்பில் தேறியிருந்தோம். உயர்நிலைப் பள்ளிக்கு ஏழு கிலோமீட்டர் செல்லவேண்டும். காலைப் பேருந்து பள்ளி நேரத்துக்கு ஒத்துவரவில்லை. மாலைப் பேருந்தோ இருட்டிய பின்னரே வரும். "பொம்பளப் பிள்ளைக்கு எட்டு போதாதா?" என்றார் பெரியத்தா. அத்தா அவருக்கு மறுமொழி ஏதும் கூறவில்லை. கழுத்தில் கிடந்த அளவுநாடாவை எடுத்து, எம்மைச் சுவரோரம் நிறுத்தி, இடுப்பிலிருந்து குதிகால் வரை அளந்தார். தோளிலிருந்து மணிக்கட்டு வரை அளந்தார். புதுத்துணி தைக்கப் போகிறார் என்று மகிழ்ந்தோம். அளவுக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, "உனக்கு சைக்கிள் போடுறேம்மா" என்றார்.

மிதிவண்டி 'வாங்குகிறேன்' என்று அவர் சொல்லவில்லை, 'போடுகிறேன்' என்றார். சட்டை தைத்துப் போடுவது போல! புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியே பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி கற்ற செய்தி அந்நாளில் நாடெங்கும் பேசப்பட்டது. அதனை நாளிதழில் படித்து, பெரியத்தாவின் கண்ணில் படும்படி கடைமேசைமேல் பல நாள் வைத்திருந்தார் என்பது பின்னரே எமக்குத் தெரியவந்தது.

முழு வண்டியாக வாங்காமல் உறுப்புகளைத் தனித்தனியே தேர்ந்தமைக்கு அவர் கூறிய காரணம் தையற்காரர்க்கே உரியது. "தைச்ச சட்டையில உள்தையல் தெரியாதும்மா. துணிய நாமளே எடுத்துத் தைச்சா தெரியும்." மூன்று வெள்ளிக்கிழமைகள் ஜும்ஆத் தொழுகை முடிந்தபின் எம்மையும் அழைத்துக்கொண்டு திண்டிவனம் சென்றார். பிரேம் பழையது, குறுக்கே பார் இல்லாத பெண்கள் பிரேம். 1949 இல் தொடங்கப்பெற்ற அம்பத்தூர் டி.ஐ. தொழிற்சாலையில் பிறந்தது. சாயம் உதிர்ந்திருந்தது, ஆயினும் எங்கும் வளைவில்லை. ரிம், ஹப், போக்ஸ் கம்பி, பிரீவீல் ஆகிய நான்கும் புதியவை. செயினும் பெடலும் லூதியானாச் சரக்கு. மட்கார்டும் கேரியரும் பழைய இரும்புக் குவியலிலிருந்து பொறுக்கியவை. பளபளக்கும் மணி ஒன்றைக் காட்டி யாம் அடம்பிடித்தோம். அத்தா அப்பொழுது சொன்ன வாக்கு இன்றும் எம் செவியில் ஒலிக்கிறது: "தேயுற இடத்துல காசு போடு, மினுக்குற இடத்துல மிச்சம் பிடி."

செயினை முழுதும் மூடும் கவருக்கு மட்டும் பேரம் பேசாமல் பணம் கொடுத்தார். பாவாடை சிக்கலாகாது என்பது அவர் கவலை. பள்ளிக்கெனத் தைத்த பாவாடையிலும் வழக்கத்தைவிட இரண்டு விரற்கடை குறைத்திருந்தார்.

சக்கரம் கோத்தவர் செஞ்சியிலிருந்த முதியவர் ஒருவர். முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40 கம்பி. சுமை பின்னால் விழுவதால் பின்னதற்கு எட்டுக் கம்பி மிகுதி என்று விளக்கினார். கோத்து முடித்தபின் சக்கரத்தைச் சுழலவிட்டு, ஒவ்வொரு கம்பியையும் விரலால் தட்டி ஓசை கேட்டு, நிப்பிளைக் கால் திருகு, அரைத் திருகு என இறுக்கியும் தளர்த்தியும் கோட்டம் எடுத்தார். நடுநிலை பிறழ்தலைப் பழந்தமிழ் கோட்டம் என்கிறது. சக்கரம் நடுநிலை பிறழ்தலைச் சைக்கிள் கடையும் கோட்டம் என்றே சொல்கிறது. பிற்காலத்தில் எம்.ஃபில். பயின்றபொழுது எத்தனையோ அகராதிகளைப் புரட்டினோம். அச்சொல்லின் பொருளை யாம் முதன்முதல் கற்றது அந்தக் கிரீஸ் படிந்த திண்ணையிலேதான்.

அவ்வண்டி முன்னால் 44 பல், பின்னால் 18 பல் கொண்டது. பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் செல்லும். சமநிலத்தில் அது வரம். ஏரிக்கரை ஏற்றத்திலோ இறங்கித் தள்ளவேண்டும். நான்கு ஆண்டுகள் மிதித்தோம், தள்ளினோம். மேனிலைத் தேர்வில் தேறினோம். எம் தெருவில் அதற்குமுன் எந்தப் பெண்ணும் அவ்வளவு தொலைவு சென்றதில்லை எனின் அது மிகையன்று.

ஒரு பிழை

இனிக் கூறப்போவது எம் பிழை. 2003 இல் எமக்குத் திருமணம் நிகழ்ந்தது. வீட்டைத் துப்புரவு செய்த நாளில், தாழ்வாரத்தில் சாய்ந்துகிடந்த அவ்வண்டியைப் பழைய இரும்புக்காரரிடம் 150 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டோம். அத்தாவைக் கேட்கவில்லை. மாலையில் வந்தவர் வெற்றிடத்தைச் சற்று நேரம் பார்த்தார். "ஹப்பையாவது கழட்டி வச்சிருக்கலாம்மா. அது இன்னும் இருபது வருஷம் ஓடும்" என்றார். அவ்வளவே. அதன்பின் 2019 இல் அவர் மறையும் வரை அவ்வண்டியைப் பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை. யாமும் மன்னிப்புக் கேட்டதில்லை.

மகள் எழுதிய பட்டியல்

கல்லூரியில் பயிலும் எம் மகள் சென்ற ஆண்டு ஒரு தாளை நீட்டினாள். மலைத்தடங்களில் ஓட்டும் மிதிவண்டி ஒன்றை உறுப்பு உறுப்பாகத் தேர்ந்து தானே கூட்டவேண்டும் என்பது அவள் கனவு. மாலைநேரத் தனிவகுப்பு எடுத்துச் சேர்த்த பணம் அவளிடம் ஓரளவு இருந்தது. எஞ்சியதற்கு எம்மை நாடினாள். தொகையைக் கூட்டிப் பார்த்தோம். இரண்டு இலக்கத்தைத் தாண்டியது! கார்பன் பிரேம், பன்னிரண்டு கியர், முன்னும் பின்னும் அதிர்வுதாங்கிகள். பிரேக்குக்கோ பட்டியலிலேயே மலிவானதை எழுதியிருந்தாள். யாம் மறுத்தோம். சினந்தோம் என்பதே உண்மை. "நன்னா இருந்திருந்தா போட்டுத் தந்திருப்பாரும்மா" என்று கூறி அவள் எழுந்து சென்றாள்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. பெட்டியைத் திறந்து அத்தாவின் அளவுக் குறிப்பேட்டை எடுத்தோம். 1994 ஆம் ஆண்டுப் பக்கத்தில் எம் பெயர். அதன்கீழ் கால் அளவு, கை அளவு. அதன்கீழ் உறுப்புகளின் பட்டியலும் விலையும். மகளின் தாளை அருகே வைத்து நோக்கினோம். அவளும் முதல் வரியில் தன் கால் அளவைத்தான் எழுதியிருந்தாள்! ஒருவரையொருவர் கேளாமலே பாட்டனும் பெயர்த்தியும் ஒரே இடத்தில் தொடங்கியிருந்தனர். மறுநாள் காலை அவளை அழைத்து இரு பட்டியல்களையும் மேசைமேல் விரித்தோம்.

அதன்பின் எமக்கு அவளே ஆசிரியையானாள். அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில், மரின் என்னும் மலைப்பகுதியில், 1970களில் இளைஞர் சிலர் பழைய பருத்த சைக்கிள்களை மலைமேல் கொண்டுசென்று மண்சாலையில் இறக்கி விளையாடினராம். 1976 இல் தொடங்கிய அவர்தம் பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். ஒருமுறை இறங்குவதற்குள் பின்ஹப்பின் பிரேக் சூடேறிக் கிரீஸ் எரிந்துபோகும். மீண்டும் கிரீஸ் திணித்தாலன்றி ஓட்ட இயலாது. அதனால் வந்த பெயர் அது. ஒரு வண்டியின் பிரேம், வேறொன்றின் கியர், மோட்டார் சைக்கிளின் பிரேக் கைப்பிடி என்று அவர்கள் பொறுக்கிச் சேர்த்தனர். 1977 இல் ஜோ பிரீஸ் என்பார் இதற்கெனவே புதிய பிரேம் அமைத்தார். 1996 இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு இடம்பெற்றது. உலகெங்கும் பரவிய மலைமிதிவண்டியும் பழைய இரும்புக் குவியலில் பிறந்ததே என்றறிந்தபொழுது, திண்டிவனத்துக் கடை எம் கண்முன் தோன்றியது.

உறுப்புகளைத் தேர்வதில் அருமை எங்குளது எனின், நல்ல உறுப்பு வேறு, பொருந்தும் உறுப்பு வேறு. இருசொற்கள் புணரும்பொழுது நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் இயைய வேண்டுவது போல, பிரேமின் கழுத்துக் குழாயும் போர்க்கின் தண்டும் அளவொத்தல் வேண்டும். பின்ஹப்பின் உடலும் பற்சக்கரத் தொகுதியும் ஒரே இனமாதல் வேண்டும். இயல்பாகப் பொருந்தாவிடத்து இடையே ஒரு வளையம் இடுகின்றனர். "இது சாரியை அன்றோ!" என்றோம். மகள் சிரித்துவிட்டாள். எம்மிருவரிடையே இருந்த பூசலும் அச்சிரிப்பிலே தீர்ந்தது.

அத்தாவின் வாக்கை உரைகல்லாகக் கொண்டு ஒவ்வொன்றாய்த் தேர்ந்தோம். கார்பன் பிரேம் போயிற்று. அலுமினியக் கலவைப் பிரேம் வந்தது. பின்னதிர்வுதாங்கி நீங்கியது, முன்போர்க்கில் மட்டும் 120 மில்லிமீட்டர் அசைவு போதும் என்று முடிவாயிற்று. பாறை நிலத்தில் முதலில் அடி வாங்குவது சக்கரமாதலின் ரிம்முக்கும் ஹப்புக்கும் தாராளமாக ஒதுக்கினோம். எம் பகுதி சீமைக் கருவேல முள் நிறைந்தது. ஆகவே டியூப் இல்லாமல், உள்ளே அடைப்புநீர் ஊற்றிய அகன்ற டயரே ஏற்றது என்றாள். முள் தைத்தாலும் அந்நீர் துளையை அடைத்துவிடுமாம். கியர் பத்தே போதும். முன்னால் 32 பல், பின்னால் பெரிய சக்கரத்தில் 46 பல். அந்தக் கியரில் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி ஒன்றரை மீட்டரே செல்லும். எம் ஐந்தரை மீட்டரோடு ஒப்பிடுக! யாம் இறங்கித் தள்ளிய ஏற்றத்தை அவள் அமர்ந்தபடியே ஏறுவாள். பிரேக்கை மட்டும் யாம் விட்டுக்கொடுக்கவில்லை. எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் தட்டுப் பிரேக்கில் தரமானதையே எழுதச் செய்தோம். ஏறுவதற்கான உறுப்புகளை இளமை தேர்ந்துகொள்ளும். நிற்பதற்கான உறுப்பைப் பெற்றோரே தேர்தல் வேண்டும். மொத்தத் தொகை எண்பதாயிரத்துக்குள் அடங்கியது.

அடித்த வரி

ஒன்று கூறாது விட்டோம். அத்தாவின் பட்டியலில் கூட்டுத்தொகை 1,340 ரூபாய். அதற்கு மேலே கடைசி வரி மையால் அடிக்கப்பட்டிருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் படித்தோம்: 'டைனமோ, லைட்'. அருகே சிறிய எழுத்தில், 'இருட்டுமுன் வந்துவிடும்'.

பணம் போதவில்லை; அடித்துவிட்டார். ஆனால் அவர் அந்த நான்காண்டும் மாலைதோறும் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு, சாலை வளைவில் கைவிளக்கோடு நின்றதன் காரணம் அப்பொழுதுதான் எமக்கு விளங்கியது. தேநீர் அருந்த வந்தேன் என்பார். யாமும் நம்பி, அவரைக் கடந்து விரைந்து மிதித்துப் போவோம். வாங்க இயலாத உறுப்புக்கு ஈடாகத் தம்மையே அங்கு நிறுத்தியிருந்தார் அவர்.

மகளின் பட்டியலில் விளக்கு இல்லை. "பகல்ல மட்டும்தாம்மா ஓட்டுவேன்" என்றாள். பேனாவை வாங்கி அத்தாளின் இறுதியில், முன்விளக்கு ஒன்று, பின்விளக்கு ஒன்று என்று எம் கையாலேயே எழுதினோம். அதற்குரிய பணத்தைத் தனியே கொடுத்தோம்.

வண்டி கூடியது. 2025 ஜூலையில் மராட்டியப் படைத்துறை நிலக்காட்சிகள் என்னும் பெயரில் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த பன்னிரண்டு கோட்டைகளுள் தமிழ்நாட்டைச் சார்ந்தது செஞ்சி ஒன்றே. அக்கோட்டையின் படிகளில் வண்டியேற்றுதல் முறையன்று என்று கண்டித்துச் சொன்னோம், அவளும் மதித்தாள். வெளியே வயலோர மண்தடங்கள் பல உள. அவற்றின் வழியே அவள் முதலிற் சென்றது தொண்டூர்ப் பாறைக்கு. யாம் பேருந்தில் பின்தொடர்ந்தோம். கல்வெட்டின்முன் நின்று, "ஏவினவர் பேரும் செஞ்சவர் பேரும் ரெண்டும் இருக்கே!" என்று அவள் வியந்தாள். தன் வண்டியின் பிரேமில், செயின் உராயாத இடத்தில், இரண்டு பெயர்களைச் சிறிதாக எழுதியிருந்தாள். ஒன்று அவள் பெயர். மற்றொன்று அத்தாவின் பெயர்.

மாணவச் செல்வங்களே! நீவிர் தேரும் பொருள் வண்டியாயினும் வாழ்வாயினும், தேயுமிடம் எது, மினுக்குமிடம் எது என்று முதலில் ஆய்ந்தறிக. இல்லத்தில் நுமக்கென எவரேனும் அடித்த வரி ஒன்று இருக்கும். அவர் உயிரோடிருக்கும்பொழுதே அதனைப் படித்துவிடுக.

அன்று திரும்புகையில் பொழுது சாய்ந்துவிட்டது. பேருந்தின் பின்சாளரத்து வழியே நோக்கினோம். சாலை வளைவில் ஒரு சிறு விளக்கு எம்மைத் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது.