தீட்டுக்கு அரை ஆயுள் இல்லை

நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் பாஸ்பரஸ்-32 புழங்குகிறது. அந்தக் கதவுக்குள் சோறு, தண்ணி, சூயிங்கம் எதுவும் போகக்கூடாது. மாதிரிகள் இருக்கும் ஃப்ரிட்ஜில் தயிர் டப்பாவை ரெண்டு நிமிஷம்கூட வைக்க முடியாது. திண்டிவனத்தில் இருக்கும் அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான்: "இன்னாடி, அங்கயும் தீட்டு பாக்குறாங்களா?"

சிரித்துவிட்டுக் கடக்கிற கேள்வியில்லை அது. விழுப்புரம் பக்கத்தில் ஆயா ஊர் டீக்கடையில் எங்களுக்கென்று தனிக் குவளை இருந்தது. குடித்த பிறகு ஆயாவே அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வரவேண்டும். ‘தனியா வை’ என்று யார் சொன்னாலும் எங்கள் வீட்டில் முகம் மாறும்.

அதனால் அம்மாவுக்குக் கைகா கதையைச் சொன்னேன். கர்நாடகத்தில் இருக்கும் அணுமின் நிலையம். 2009 நவம்பரில் அங்கே ஊழியர்களின் சிறுநீரைச் சோதித்தபோது, ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு டிரிட்டியம் கூடியிருந்தது. தேடிப் பார்த்தால், அவர்கள் குடித்த வாட்டர் கூலரில் டிரிட்டியம் கலந்த கனநீர். யாரோ வேண்டுமென்றே ஊற்றியிருக்கிறார்கள் என்றார்கள் அதிகாரிகள். டிரிட்டியத்தின் பீட்டா கதிர் ரொம்பச் சோனி, தோலைத் தாண்டாது. ஆனால் தண்ணீரோடு தண்ணீராக வாய்வழியே போய்விட்டால் உள்ளே தடுக்கத் தோல் இல்லை, உடம்பு முழுக்கப் பரவிவிடும். நிறையத் தண்ணீர் குடித்து வெளியேற்ற வேண்டியதுதான். சுமார் 10 நாளில் பாதி போய்விடும். அமெரிக்காவில் 1920களில் கடிகார முள்ளுக்கும் எண்ணுக்கும் ரேடியம் பூசிய பெண்கள், தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கியே தாடை எலும்பு அழுகிச் செத்தார்கள்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப அது சாமானப் பாத்து ஒதுக்குது, ஆளப் பாத்து இல்ல" என்றாள்.

எந்தப் பாதுகாப்பு வகுப்பிலும் இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. இயக்குநரானாலும் பெருக்க வருபவரானாலும் டிபன் பாக்ஸ் வெளியேதான். பாஸ்பரஸ்-32இன் அரை ஆயுள் 14.3 நாள். கழிவைப் பத்து அரை ஆயுள், அதாவது ஏறக்குறைய ஐந்து மாதம், பூட்டி வைத்தால் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. கவுண்டரை வைத்துப் பார்ப்போம். சத்தம் அடங்கியிருந்தால் அது சாதாரணக் குப்பை. தீட்டுக்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது. எந்தக் கருவியிலும் அது காட்டாது, எத்தனை தலைமுறை போனாலும் பாதியாகாது.

எங்கள் சாப்பாட்டு அறை ஆய்வகத்திலிருந்து நல்ல தூரத்தில் இருக்கிறது. மேஜை, மின்விசிறி, மைக்ரோவேவ் எல்லாம் உண்டு. கதவில் எந்த எச்சரிக்கைப் பலகையும் இல்லை. ஆனாலும் துப்புரவு வேலை பார்க்கும் அக்காக்கள் படிக்கட்டுக்கு அடியில்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். யாரும் போகச் சொல்லவில்லை, யாரும் வரச் சொன்னதுமில்லை.

போன வாரம், "உள்ள வாங்கக்கா, எடம் இருக்கு" என்று கூப்பிட்டேன்.

"பரவால்ல பாப்பா. இங்கயே காத்து வருது."

படிக்கட்டுக்கு அடியில் காற்று வராது. என் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அங்கேயே போய் உட்கார்ந்தேன். ஒரு அக்கா சாக்கை நகர்த்தி இடம் விட்டார்.